ஜூஸ் டீடாக்ஸ் பேக்கேஜ்: ருசிக்குக் குறையில்லை, சொன்ன வேலைதான் நடக்கவில்லை

சென்னையில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஜூஸ் டீடாக்ஸ் திட்டங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், அதற்கும் மேலே என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். அதில் நீளமான திட்டம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. விளம்பரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாட்டிலின் வடிவமும் லேபிளின் நிறமும்தான் மாறுகிறது, வாக்குறுதி எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதனால் இதை ஒரு கடைக்கான விமர்சனமாக எடுத்துக்கொள்ளாமல், இப்படி ஒரு திட்டத்துக்கான விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூஸ் நல்ல ஜூஸ். தாகத்துக்கும் ருசிக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் குடிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நாள்கணக்கில் இதையே குடித்தால் உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். வீட்டில் சர்க்கரை, பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை என்று தினமும் மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால் அவர்களை இந்தப் பக்கமே விடாதீர்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பவும் கவலையாக இருக்கிறது, கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சரி, முதலில் சேவை. ஒரு நாளைக்கு ஆறு பாட்டில், எதை எப்போது குடிக்க வேண்டும் என்று மூடியிலேயே எண் போட்டிருக்கிறது. காலையில் எலுமிச்சை, இஞ்சி, தேன். அப்புறம் வெண்பூசணிச் சாறு, லேசாக மிளகும் உப்பும் போட்டது. மதியத்துக்கு பாலக் கீரை, வெள்ளரி, ஆப்பிள், புதினா சேர்ந்த பச்சை ஜூஸ். பிறகு ஆப்பிள், பீட்ரூட், கேரட் சேர்த்த ஏ.பி.சி. ஜூஸ். சாயங்காலம் அன்னாசியும் நெல்லிக்காயும். ராத்திரிக்குப் பாதாம் பால். இதில் வெண்பூசணிதான் எனக்குப் பிடித்தது. வெயில் நேரத்தில் வயிறு குளிர்ந்துவிடும், இனிப்பும் கிடையாது, உப்பும் மிளகும் அளவாக இருந்தது. பச்சை ஜூஸில் கீரை வாடை தெரியாமல் இருக்க ஆப்பிளை அள்ளிப் போட்டிருக்கிறார்கள், அதனால் அது பெயருக்குத்தான் கீரை ஜூஸ். நெல்லிக்காய் ஜூஸ் துவர்ப்பும் புளிப்புமாக நன்றாகவே இருந்தது. ஏ.பி.சி. எந்த முக்குக்கடையிலும் இதைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கும்.

டெலிவரி காலையில் நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் ஐஸ் ஜெல் பை வைத்த டப்பாவில் வந்தாலும் சில நாட்களில் பாட்டிலைத் தொட்டால் ஜில்லென்று இல்லை. இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. இந்த ஜூஸ்களை கோல்ட் பிரஸ்டு என்று சொல்லி விற்கிறார்கள், அதாவது சூடாக்காமல் மெதுவாக அழுத்திப் பிழிந்தது. பாலைக் காய்ச்சுகிற மாதிரி இதை யாரும் காய்ச்சுவதில்லை, அதனால் பழத்தின் தோலில் கிருமி இருந்தால் ஜூஸிலும் இருக்கும், வெதுவெதுப்பில் பெருகவும் செய்யும். அமெரிக்காவில் 1996இல் ஓட்வாலா நிறுவனத்தின் காய்ச்சாத ஆப்பிள் ஜூஸில் ஈ.கோலை கிருமி இருந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், ஒரு குழந்தை இறந்துபோனது. அதற்கு அப்புறம்தான் அங்கே காய்ச்சாத ஜூஸ் பாட்டிலில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று 1998இல் விதி கொண்டுவந்தார்கள். நம் ஊர் மே மாத வெயிலில் ஸ்கூட்டரில் வரும் பாட்டிலுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். டெலிவரி வந்ததும் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சி இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இனி இந்த ஜூஸில் ஓடிய நாட்கள் எப்படி இருந்தன என்று சொல்கிறேன். பசி இல்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பசி இருந்தது. வயிறு நிறைய திரவம் இருக்கும், ஆனால் வாய்க்கு எதையாவது மெல்ல வேண்டும்போல இருந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை வந்தால் வேறு வேலை ஓடாது. ஆரம்பத்தில் தலைவலி, எரிச்சல், உட்கார்ந்து எழுந்தால் லேசாகக் கண் இருட்டல். வாட்ஸ்அப்பில் அவர்களிடம் கேட்டேன். "மேடம், அது ஹீலிங் கிரைசிஸ். உள்ளே இருக்கிற டாக்சின் வெளியே வருது. கஷ்டமா இருந்தா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், விட்டுடாதீங்க" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தினமும் இரண்டு வேளை காபி குடிக்கிறவருக்குத் திடீரென்று காபி நின்றால் ஒன்றிரண்டு நாளுக்குத் தலைவலி வரும், எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். உப்பும் மாவுச்சத்தும் சட்டென்று குறைந்தால் உடம்பு நீரை விடும், இரத்த அழுத்தம் இறங்கும், எழுந்தால் கண் இருட்டும். இதற்கெல்லாம் காரணம் தெரியும். தலைசுற்றலையும் மயக்கத்தையும் நல்ல அறிகுறி என்று ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டால், உண்மையிலேயே ஆபத்து வரும்போதும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பார். ஜூஸ் விற்கிறவர் யாரும் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லவே கூடாது.

சரி, அந்த நச்சுதான் எது? இதையும் கேட்டேன். "பொதுவா எல்லா டாக்சினும் மேடம்" என்றார்கள். இந்தக் கேள்விக்கு இங்கே மட்டும்தான் பதில் இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் சென்ஸ் அபௌட் சயின்ஸ் என்ற அமைப்பின் இளம் விஞ்ஞானிகள் 2009இல் டீடாக்ஸ் என்று பெயர் போட்டு விற்கப்பட்ட 15 பொருட்களின் நிறுவனங்களைக் கூப்பிட்டு, எந்த நச்சை வெளியேற்றுகிறீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதிலேயே இரண்டு நிறுவனங்கள்கூட ஒத்துப்போகவில்லை. 2015இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை அதுவரை டீடாக்ஸ் உணவுத் திட்டங்களைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் எடுத்துப் பார்த்தது. மருந்துகளைச் சோதிப்பதுபோல ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து முறையாகச் செய்த சோதனை ஒன்றுகூட, வணிக டீடாக்ஸ் திட்டங்களுக்கு நடந்திருக்கவில்லை என்றுதான் அது முடித்தது. மருந்துக்கடையில் இரண்டு ரூபாய்க்கு விற்கும் மாத்திரைக்குக்கூட எத்தனையோ படிச் சோதனை உண்டு. பல ஆயிரம் வாங்குகிற இதற்கு ஒன்றும் இல்லை.

உடம்பு தன் அழுக்கைத் தானே எப்படிக் கழிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த விளம்பரங்களைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. புரதம் செரித்தபின் மிஞ்சும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றித் தருகிறது. சாராயத்தை உடைப்பதும் கல்லீரல்தான், நாம் போடும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை நீரில் கரையும்படி மாற்றிக் கழிவுக்கு அனுப்புவதும் கல்லீரல்தான். கரியமில வாயுவை நுரையீரல் பார்த்துக்கொள்கிறது. நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

இதில் ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். கல்லீரல் நச்சை முறிக்கப் பயன்படுத்தும் பொருட்களில் முக்கியமானது குளூட்டாத்தையோன். அது அமினோ அமிலங்களால் ஆனது, அமினோ அமிலம் வருவது புரதத்திலிருந்து. பட்டினி கிடந்தால் இந்தக் கையிருப்பு குறையும். அதனால்தான் சாப்பிடாமல் இருக்கும் நாட்களில் அளவுக்கு மேல் பாராசிட்டமால் போட்டால் கல்லீரல் சீக்கிரம் பாதிக்கப்படுகிறது. ஜூஸ் திட்டத்தில் தலைவலி வரும், தலைவலிக்கு எல்லோர் வீட்டிலும் கைக்குக் கிடைப்பது அந்த மாத்திரைதான், யோசித்துப் பாருங்கள். கல்லீரலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதற்கு வேண்டிய கச்சாப் பொருளையே நிறுத்துகிற திட்டம் இது.

கொழுப்பில் படிந்திருக்கும் நச்சு கரைந்து வெளியே போகும் என்றும் ஒரு வாசகம் போடுகிறார்கள். டிடிடி மாதிரியான பூச்சிக்கொல்லிகள் கொழுப்பில் தங்குவது உண்மைதான். ஆனால் வேகமாக எடை குறையும்போது அவை கொழுப்பை விட்டு இரத்தத்துக்கு வருகின்றன, இரத்தத்தில் அவற்றின் அளவு கூடுகிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அதை ஜூஸ் வந்து பிடித்து வெளியே தள்ளுவதாக எதுவும் இல்லை. ஈயம் போன்ற நச்சு உண்மையிலேயே உடம்பில் ஏறினால் இரத்தப் பரிசோதனையில் தெரியும், அதைப் பிடித்து வெளியேற்ற மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துக் கொடுப்பார்.

எடை குறைந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்தது, சட்டென்றே குறைந்தது. திரும்பச் சோறு சாப்பிட ஆரம்பித்ததும் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. இதிலும் மாயம் இல்லை. நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று மாவுச்சத்துக் கையிருப்பு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்தால் முதலில் செலவாவது அந்தக் கையிருப்பு, கூடவே அந்த நீரும் போகும். தராசு முள் இறங்குகிறது, சந்தோஷமாக இருக்கிறது. கொழுப்பும் கொஞ்சம் குறைந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புரதம் இல்லாமல் நாட்கள் நீண்டால் தசையும் சேர்ந்து கரைகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று ஜிம்முக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, கொழுப்பே இல்லாத சாப்பாட்டில் வேகமாக இளைத்தால் பித்தப்பை சுருங்கி விரிவது குறைந்து அங்கே கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது.

லேபிளில் இருந்த கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். பாதாம் பாலையும் சேர்த்து ஒரு நாளின் புரதம் பதினைந்து கிராமைத் தொடவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது, அப்படியென்றால் 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். சர்க்கரைப் பக்கம் நிலைமை தலைகீழ். பழத்தை மென்று தின்னும்போது அதன் சர்க்கரை நாரோடு சேர்ந்து மெதுவாக இறங்கும். பிழிந்து சக்கையைக் கீழே கொட்டிவிட்டால் மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமினும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் கொடுத்த வழிகாட்டுதலில் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும், தேனையும், நாம் காபியில் போடும் சீனியோடு ஒரே வகையில்தான் சேர்த்திருக்கிறது. அது சொல்லும் மேல் அளவு, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சு ஜூஸிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். ஆப்பிள், அன்னாசி, கேரட், பீட்ரூட் என்று ஒரு நாள் முழுக்கக் குடித்தால் எங்கே போய் நிற்கும்? "சேர்த்த சர்க்கரை இல்லை" என்று லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சேர்க்கவில்லைதான், சேர்க்க அவசியமே இல்லாத அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

குடலுக்கு நல்லது என்பது அடுத்த வாக்குறுதி. இதில் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் 2017இல் 20 பேரை மூன்று நாள் ஜூஸில் வைத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் எடையும் குறைந்தது, குடல் பாக்டீரியாக்களிலும் மாற்றம் தெரிந்தது, இதைத்தான் கடைக்காரர்கள் காட்டுகிறார்கள். 2025இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். ஜூஸ் மட்டும், ஜூஸும் முழு உணவும், தாவர முழு உணவு மட்டும் என்று மூன்று குழுவாகப் பிரித்து மூன்று நாள் பார்த்தார்கள். ஜூஸ் மட்டும் குடித்தவர்களுக்கு அழற்சியோடு தொடர்புள்ள பாக்டீரியாக்கள் கூடியிருந்தன, வாயில் அந்த மாற்றம் அதிகம். முழுக் காய்கறி, பழம் சாப்பிட்டவர்களுக்கு மாற்றம் நல்ல பக்கம் இருந்தது. இதுவும் வெறும் 14 பேர் கலந்துகொண்ட சின்ன ஆய்வுதான், இதை வைத்துப் பெரிதாக அடித்துப் பேச முடியாது. ஆனால் நார் போனால் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போய்விடும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. எனக்கு அந்த நாட்களில் மலச்சிக்கல்தான் வந்தது, குடல் சுத்தம் எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அத்தைக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நான் எடுத்த பேக்கேஜைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போடுடி, உடம்பெல்லாம் சுத்தமாகட்டும்" என்றார். "மாத்திரை போட்டுக்கிட்டு இதையெல்லாம் குடிக்கக் கூடாது அத்தை, டாக்டரைக் கேட்காம வேண்டாம்" என்றேன். "பழச்சாறுதானேடி, விஷமா என்ன?" என்றார். கேட்டதில் தப்பு இல்லை, பழச்சாறு என்றால் காய்ச்சல்காரருக்கே கொடுக்கும் பொருள் என்றுதானே நாம் வளர்ந்தோம். கடைக்குப் போன் போட்டு, சர்க்கரை உள்ளவர் எடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா எடுக்கலாம், சுகரே நார்மல் ஆகிடும்" என்றார்கள். என்ன மாத்திரை, எத்தனை வயசு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, எதையும் கேட்கவில்லை. பதிவு செய்யும் படிவத்தில் இருந்தது பெயர், முகவரி, எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள், அவ்வளவுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) INDIAB என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் வந்தது, அதன்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர். அதாவது இந்தப் படிவத்தை நிரப்புகிறவர்களில் ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுகிறவர் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், ஜூஸ் குடித்ததும் ஏறலாம், நாள் முழுக்க இந்த ஏற்ற இறக்கம்தான். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டியவை. சாப்பாடு குறைந்து உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறும் ஆபத்து அவற்றில் உண்டு, சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே அது நடக்கும் என்பதால் வீட்டு மெஷினில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். பிரஷருக்கு டெல்மிசார்டன் போடுகிறவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் தங்கும் இயல்பு உண்டு. அதற்கு மேல் நாள் முழுக்கக் காய், பழச்சாறும், சில திட்டங்களில் இளநீரும் என்று பொட்டாசியத்தை ஏற்றினால், சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு இதயத் துடிப்பே தடுமாறும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்குப் பச்சைக் கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

சிறுநீரகத்துக்கு வருவோம். பாலக் கீரை, பீட்ரூட், பாதாம் மூன்றிலும் ஆக்சலேட் என்ற, சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் பொருள் அதிகம், மேலே சொன்ன ஆறு பாட்டிலில் மூன்றில் இவை இருக்கின்றன. கூட்டும் பொரியலுமாகச் சோற்றோடு சாப்பிடும்போது தயிர், மோரில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும், பெரும்பாலும் வெளியே போய்விடும். தயிர்சாதமும் கீரையும் சேர்த்து வைத்த நம் சாப்பாடு அந்த விதத்தில் நல்ல ஏற்பாடு. ஜூஸ் மட்டும் குடிக்கும்போது அந்தக் கால்சியம் போதுமான அளவு இல்லை, ஒருவர் ஒரே மூச்சில் ஒரு கட்டுக் கீரையின் சாற்றைக் குடித்துவிடுகிறார், ஆக்சலேட் இரத்தத்தில் ஏறி சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. அமெரிக்காவில் இப்படிப் பச்சை ஸ்மூத்தி டீடாக்ஸ் எடுத்த 65 வயதுப் பெண் ஒருவருக்கு, முன்பு சிறுநீரகம் நன்றாக இருந்தும், செயலிழந்து டயாலிசிஸில் முடிந்ததை 2018இல் சிறுநீரக மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு முன்னர் இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருந்தது, ஆன்டிபயாடிக் நீண்ட நாள் எடுத்திருந்தார், இரண்டும் ஆக்சலேட் உறிஞ்சப்படுவதைக் கூட்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே இல்லையா என்ன?

அமெரிக்காவுக்குப் போவானேன், பக்கத்தில் கேரளத்திலேயே நடந்திருக்கிறது. இரும்பன்புளி என்று அங்கே சொல்லும் பிலிம்பிக்காயின் சாறு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று நம்பிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டதைப் பல ஆஸ்பத்திரிகளின் டாக்டர்கள் சேர்ந்து 2013இல் பதிவு செய்தார்கள். அதே காயை மீன்குழம்பில் போட்டு ஊரே சாப்பிடுகிறது, ஒன்றும் ஆவதில்லை. பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடித்ததுதான் சிக்கல்.

சுரைக்காய்ச் சாறு இன்னொன்று. 2010இல் தில்லியில், மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானி ஒருவர், தினமும் பழக்கமாகக் குடித்துவந்த சுரைக்காய், பாகற்காய்ச் சாற்றை அன்றைக்கும் குடித்து இறந்துபோனார். சுரைக்காய் சில சமயம் கசந்துபோகும், அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு. பாகற்காய் சேர்ந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? அதற்கப்புறம் ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழு வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிழிவதற்கு முன் சுரைக்காயில் ஒரு துண்டு வெட்டிச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் காயையே தூக்கிப் போடுங்கள், வேறு எந்தச் சாறோடும் கலக்காதீர்கள், குடித்தபின் வாந்தியோ பேதியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் சமைக்கும்போது நம் அம்மாக்கள் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பாட்டிலில் வருவதை யார் சுவைத்துப் பார்த்தார்கள், ஆப்பிளும் தேனும் எதை மறைத்தன என்று நமக்குத் தெரியாது. நீங்கள் எடுக்கும் திட்டத்தில் சுரைக்காய் கலந்த பாட்டில் இருந்தால் இதைக் கடையில் கேளுங்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கலாம். இன்றைய சாறு டீடாக்ஸ்களுக்கு ஒரு பெரிய முன்னோடி, 1940களில் அமெரிக்காவில் ஸ்டான்லி பர்ரோஸ் என்பவர் பரப்பிய மாஸ்டர் கிளென்ஸ். எலுமிச்சைச் சாறு, மேப்பிள் பாகு, மிளகாய்த்தூள், தண்ணீர், குறைந்தது பத்து நாள், வேறு எதுவும் கிடையாது. அவர் மருத்துவர் இல்லை. இரத்தப் புற்றுநோய் வந்த 24 வயது இளைஞர் ஒருவருக்கும் இந்த எலுமிச்சைச் சாறு, வண்ண விளக்கு, மசாஜ் என்று சிகிச்சை செய்தார், அந்த இளைஞர் இறந்துவிட்டார். வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984இல் கொலைக் குற்றத் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தது, உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றம் நிலைத்தது. பிறகு 2000களில் பிரபலங்கள் எடை குறைக்க இதை எடுத்தார்கள் என்று செய்தி வந்ததும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

விரதத்தையே நான் குறை சொல்லவில்லை. ஏகாதசி இருப்பவர்கள் இருக்கிறார்கள், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மனசுக்காக இருக்கிறார்கள், கல்லீரலைக் கழுவ இல்லை. இயற்கை மருத்துவ முறையில் உண்ணாநோன்பு இருக்க விரும்பினால் அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே படித்த டாக்டர்கள் நேரில் பார்த்து, உங்கள் நோயையும் மாத்திரையையும் கேட்டுத்தான் எதையும் சொல்வார்கள். அந்த வழியிலும் பெரிய வாக்குறுதிகளை நான் நம்பமாட்டேன், ஆனால் மயக்கம் வந்தால் நாடி பார்க்க ஓர் ஆள் இருப்பார், அது பெரிய வித்தியாசம். பார்க் வாசலில் காலையில் அருகம்புல் சாறும் முடக்கத்தான் சூப்பும் விற்கிறார்களே, அதைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தாது. ஒரு டம்ளர் சாறு சாப்பாட்டின் பக்கத்தில் இருந்தால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். இந்த நாட்களில் சாயங்காலம் பஜ்ஜி, பிஸ்கட், நாலு டீ என்று போகும் வழக்கம் நின்றது, ராத்திரி லேட்டாகச் சாப்பிடுவது நின்றது, தண்ணீர் நிறையக் குடித்தேன். வயிறு லேசானது, முகத்தில் உப்பல் குறைந்தது. இதை எடுத்தவர்கள் பலரும் புத்துணர்ச்சி என்று சொல்வது பொய் இல்லை, ஆனால் அது வந்தது எதை நிறுத்தினோமோ அதனால். அதற்குச் சக்கை நீக்கிய சாறு வேண்டியதில்லை. ஒரு வாரம் எண்ணெய்ப் பலகாரத்தையும் சீனியையும் சாராயத்தையும் நிறுத்திவிட்டு, சுண்டல், கீரை, மோர், இரண்டு பழம், சீக்கிரம் ராத்திரிச் சாப்பாடு என்று இருந்து பாருங்கள், செலவு வீட்டு மளிகைக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

விலையைப் பற்றி: ஒரு பாட்டில் இருநூறு ரூபாய்க்குக் குறைந்து இல்லை. ஆறு பாட்டில், நீளமான திட்டம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள், ஒரு குடும்பத்தின் மாதக் காய்கறிச் செலவைத் தாண்டிப் போகிறது. பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்பி வராது, வேறு மாதத்துக்கு மாற்றித் தருவோம் என்கிறார்கள். இந்த விதியைப் பணம் கட்டும் முன் பெரிதாகக் காட்டவில்லை.

வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒற்றை பாட்டிலாக வெண்பூசணியும் நெல்லிக்காயும் வாங்குங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள், நன்றாக இருக்கிறது. ஏற்கெனவே நீளமான திட்டத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு: தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, வாந்தி, சிறுநீர் குறைவது எதுவானாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், கடைக்கு மெசேஜ் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். பிரச்சினை இல்லாமல் நிறுத்துகிறவர்களும் முதல் நாளே பிரியாணிக்குப் போக வேண்டாம். கஞ்சி, மோர், குழைந்த பருப்புச் சாதம், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள். நிறையப் பாட்டில் மிச்சம் இருந்தால் அன்றன்றைக்கு வந்ததை மட்டும் குடித்துவிட்டு, பழையதைக் கொட்டிவிடுங்கள், காசு போட்டதாயிற்றே என்று மூன்று நாளுக்கு முந்தைய பாட்டிலைத் திறக்காதீர்கள்.